வெயிலில் வேலை: தெர்மாமீட்டர் காட்டாத சூடும் சிறுநீரகமும்

வேலூரில் 41 டிகிரி என்று செய்தியில் ஓடினால் எல்லோரும் பதறுகிறோம். அதே நாளில் தூத்துக்குடியில் 34 டிகிரி என்றால், கடற்காற்று இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். உப்பளத்தில் உப்பு வாருகிறவரின் உடம்புக்கு இந்தக் கணக்கு செல்லாது.

உடம்பு தன் சூட்டைக் கழிக்க முக்கியமாக நம்பியிருப்பது வியர்வையை. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, காய வேண்டும். காயும்போதுதான் சூடு இறங்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் சொட்டிப் போகிறது. அத்தோடு தலைக்கு மேல் வெயில், காலடியில் வெள்ளைப் பாத்தியிலிருந்து திரும்பி அடிக்கும் வெளிச்சம். வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டர் நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் இருக்கிறது. வேலை செய்கிறவர் அங்கே இல்லை.

அதனால்தான் தொழில்சார் சுகாதாரத்தில் டபிள்யூ.பி.ஜி.டி. (ஈரக்குமிழ்-கரும்பந்து வெப்பநிலை) என்ற அளவைப் பயன்படுத்துகிறோம். இதற்கு மூன்று வெப்பமானிகள் வேண்டும். ஒன்று சாதாரணமானது. இரண்டாவதன் குமிழை ஈரமான பருத்தித் திரி சுற்றியிருக்கும். மூன்றாவது, பளபளப்பில்லாத கறுப்பு பூசிய 150 மி.மீ. செம்புப் பந்துக்குள் இருக்கும். வெயிலில் கணக்கு இப்படி: ஈரக்குமிழ் அளவில் 0.7 பங்கு, கரும்பந்து அளவில் 0.2 பங்கு, சாதாரண அளவில் 0.1 பங்கு, மூன்றையும் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாகக் கடலோர உப்பளத்தில் காற்று 34, ஈரக்குமிழ் 28, கரும்பந்து 48 என்று வைத்துக்கொள்வோம். 19.6, 9.6, 3.4 கூட்டினால் 32.6. உள்நாட்டில் காற்று 41, ஈரக்குமிழ் 25, கரும்பந்து 54 என்றால் 17.5, 10.8, 4.1; மொத்தம் 32.4. ஏழு டிகிரி குறைவாகத் தெரிந்த இடம்தான் உடம்பைக் கொஞ்சம் கூடுதலாக வாட்டுகிறது.

இந்தக் கருவியை வைப்பதில் நடக்கும் தவறுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். திரியை வாலை வடிநீரில் நனைக்காமல் கையில் கிடைத்த உப்புத் தண்ணீரில் நனைப்பார்கள். உப்பு படிந்து திரி சரியாக உறிஞ்சாது, அளவு கூடிக் காட்டும். அளக்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே திரி முழுக்க நனைந்திருக்க வேண்டும். கரும்பந்து நிலைக்கு வர 25 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் படித்துவிட்டு நகர்ந்தால் குறைவாகக் காட்டும். நின்று வேலை செய்கிறவருக்கு வயிற்று உயரத்தில், தரையிலிருந்து 1.1 மீட்டரில் கருவி இருக்க வேண்டும். கையடக்கக் கருவிகளில் உள்ள சிறிய பந்து, காற்று வீசும் இடத்தில் பெரிய பந்தைவிடக் குறைவாகவே காட்டும். உப்பளத்தில் காற்று ஓய்வதில்லை என்பதால் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். துணிக்கும் ஒரு கூட்டல் உண்டு: நெய்த துணி இரண்டு அடுக்கு உடுத்தியிருந்தால் 3 டிகிரி சேர்க்கச் சொல்கிறார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இதை யாரும் சேர்ப்பதே இல்லை.

கிடைத்த எண்ணை வைத்து என்ன செய்வது? வெயிலுக்குப் பழகிய ஒருவர் நடுத்தர உழைப்பை இடைவிடாமல் செய்வதற்கு எல்லை 28. மணிக்குக் கால் பங்கு நேரத்துக்கு மேல் போகாமல் வேலை செய்து, மீதி நேரம் ஓய்வெடுத்தால் 31.5 வரை போகலாம். உப்பு வாரிச் சுமப்பது, செங்கல் சூளையில் கல் அடுக்குவது, கான்கிரீட் தூக்குவது எல்லாம் கடும் உழைப்பு. அதற்கு எல்லை இன்னும் கீழே. 32.6 என்ற அளவில் கடும் உழைப்புக்கு எந்த ஓய்வு அட்டவணையும் பொருந்தாது. அங்கே நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். விடியுமுன் தொடங்கி ஒன்பது, பத்து மணிக்குள் கனமான வேலையை முடிப்பது பல உப்பளங்களில் ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். ஆனால் கூலி, வாரிய உப்பின் அளவைப் பொறுத்தது என்றால் பதினொரு மணிக்கும் ஆள் பாத்தியில்தான் இருப்பார். இலக்குக் கூலியை அப்படியே வைத்துக்கொண்டு ஓய்வு பற்றி அறிவிப்புப் பலகை மாட்டுவதால் பயன் இல்லை.

ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்குவார்கள் என்ற நம்பிக்கையையும் ஆராய்ச்சி குறைத்துவிட்டது. ஈரக்குமிழ் 35 டிகிரி வரை மனித உடம்பு தாங்கும் என்று 2010-இல் கோட்பாட்டளவில் சொல்லப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்தே சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவில், ஈரமான சூட்டில் அந்த எல்லை ஏறக்குறைய 30.6. அதுவும் வீட்டில் சின்னச் சின்ன வேலை செய்யும் அளவு உழைப்புக்குத்தான்.

நிழல் என்று சொன்னால் தகரக் கொட்டகை போட்டுவிடுகிறார்கள். வெயிலில் காய்ந்த தகரம் தானே அடுப்பாகிக் கீழே இருப்பவர் தலையில் சூட்டை இறக்கும். கரும்பந்தை உள்ளே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓலைக் கூரை இதைவிட எவ்வளவோ மேல். தகரம்தான் என்றால் மேல்புறம் வெள்ளை பூச வேண்டும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2021-இல் பேரியம் சல்பேட்டை வைத்து, சூரிய ஒளியில் 98.1 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சைச் செய்து காட்டினார்கள். அந்தப் பூச்சுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு அடித்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும், தூசி படிந்தால் பலன் குறையும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். கொட்டகை பத்து நிமிட நடைத் தூரத்தில் இருந்தால் ஓய்வு நேரம் போய்வருவதிலேயே கழிந்துவிடும். முன் சொன்ன உப்பளத்திலேயே நல்ல நிழலில் ஈரக்குமிழ் 27.5, கரும்பந்து 36 என்றால் அளவு 30-க்கு இறங்கும். நிழலில் ஈரக்குமிழுக்கு 0.7, பந்துக்கு 0.3, காற்று வெப்பநிலையைத் தனியாகச் சேர்ப்பதில்லை. மின்விசிறி நல்லதுதான், ஆனால் காற்று 40 டிகிரியைத் தாண்டினால் அது உடம்பில் சூட்டைத்தான் ஏற்றும்.

தண்ணீருக்கு எளிய அளவு: பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 240 மி.லி. மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து அதுவே ஆபத்தாகும். பல மணி நேரம் தொடர்ந்து வியர்த்தால் இடையில் ஓ.ஆர்.எஸ். குடிக்கலாம், பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், ஒரு சொம்பில் அல்ல. போதுமான அளவு குடித்தாரா என்று பார்க்க எடைமெஷின் போதும். வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, 60 கிலோ உள்ளவர் 900 கிராமுக்கு மேல் இழந்திருந்தால் அன்றைக்குக் குடித்தது போதவில்லை. கறுப்புக் கேனில் வெயிலில் கிடந்த தண்ணீர் சுடுதண்ணீராகிவிடும், அதை யாரும் குடிக்க மாட்டார்கள். பெண்கள் குடிக்காததற்குக் காரணம் வேறு: ஒதுங்க இடம் இல்லை. கழிவறை கட்டாமல் தண்ணீர் குடிக்கச் சொல்லும் விழிப்புணர்வு முகாம்களில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அடக்கி அடக்கி வைத்து வரும் நீர்க்கடுப்பைச் சூடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் கலந்திருக்கும்.

இனி சிறுநீரகம். 2002-இல் எல் சால்வடோர் மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள். சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இல்லாத இளம் கூலித் தொழிலாளர்கள் சிறுநீரகம் செயலிழந்து வந்துகொண்டிருந்தார்கள். நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களிலும் அதே கதை. இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடமும், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் இதைப் போன்ற நோய் பரவலாக இருக்கிறது. எல்லா இடத்துக்கும் காரணம் ஒன்றே என்று சொல்ல முடியாது. இலங்கையில் நிலத்தடி நீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, பூச்சிக்கொல்லி என்று வாதம் இன்னும் ஓடுகிறது. மத்திய அமெரிக்காவில் வெயிலில் செய்யும் கடும் உழைப்புக்கான சான்று வலுவானது. அங்கே ஒரு கரும்பாலையில் தண்ணீரோடு ஓய்வையும் நிழலையும் கட்டாயமாக்கியபோது, ஒரு அறுவடைப் பருவத்துக்குள் புதிதாகச் சிறுநீரகக் காயம் அடைவோர் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது.

தமிழ்நாட்டில் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்று, ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெப்ப எல்லையைத் தாண்டி வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. அதே நிறுவனத்தார் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது.

உடம்பில் நடப்பது இதுதான். நீர் வற்றும்போது இரத்தம் தோலுக்கும் தசைக்கும் போக, சிறுநீரகத்துக்கு வரத்து குறைகிறது. அடர்ந்த சிறுநீரில் யூரிக் அமிலம் படிகிறது, கடும் உழைப்பில் சிதைந்த தசையின் புரதமும் வந்து சேர்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தினமும் சிறு காயம். ஆறுவதற்குள் மறுநாள் வேலை. இதன் மேல் மாலையில் உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாத்திரை அல்லது ஊசி. நீர் வற்றிய சிறுநீரகம் தன் இரத்த ஓட்டத்தைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் முக்கியமான வழியை அந்த மருந்து அடைத்துவிடும். வெயிலில் வேலை செய்கிறவர்கள் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் விட முடியும் என்றால், நாங்கள் கைகாட்டுவது இதைத்தான்.

குழாய்களில் வரும் நோய் என்பதால் சிறுநீரில் புரதம் அதிகம் இறங்காது, இரத்த அழுத்தமும் ஏறாது. சிறுநீர்ப் பட்டையை நனைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினால் நோயாளியைத் தவறவிடுவோம். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எவ்வளவு என்று பார்க்க வேண்டும், அதையும் சரியாகப் படிக்க வேண்டும். 45 வயதுப் பெண்ணுக்கு 1.2 என்று வந்தால் சில ஆய்வகங்களின் இயல்பு எல்லைக்குள் இருக்கும். கிரியாட்டினின் அளவிலிருந்து சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிட 2021-இல் வந்த சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் அந்தத் திறன் 57-தான். 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். வேலை முடிந்து வந்ததும் எடுத்தால் உழைப்பாலும் நீரிழப்பாலும் அளவு தற்காலிகமாக ஏறியிருக்கும். விடுமுறைக்கு மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் எடுப்பது நல்லது. பருவம் தொடங்குமுன் ஒன்று, முடியும்போது ஒன்று என இரண்டும் இருந்தால்தான் இறக்கம் தெரியும்.

புதிதாக வருகிறவரை முதல் நாளே முழுநேர வேலையில் விடக் கூடாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டலாம். ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போய்த் திரும்பிய பழைய ஆளுக்கும் முதல் நாள் பாதிதான்.

வேலையின் நடுவே ஒருவர் குழறினால், தள்ளாடினால், எரிச்சலாகச் சம்பந்தமில்லாமல் பேசினால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது தவறு. உழைப்பால் வருவதில் உடம்பு தெப்பலாக நனைந்திருக்கும். 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. தார்ப்பாயை விரித்து ஆளை நடுவில் படுக்கவைத்து, ஓரங்களை நான்கைந்து பேர் தூக்கிப் பிடித்து, நூறு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் கிடைக்கும் ஐஸும் கொட்டி அலசிக்கொண்டே இருக்க வேண்டும். தலை தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் ஐஸுக்குக் குறைவில்லை. யாரிடம் வாங்குவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்துக்குள் உடம்பு 40 டிகிரிக்குக் கீழே வந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது, கல்லீரலுக்குக் கேடு. அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரும் நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவியும் குறைத்துக் காட்டி ஏமாற்றும், ஆசனவாய் வெப்பநிலைதான் நம்பகமானது.

உடல் வெப்பத்தை அளந்தவுடன் நேரத்தோடு எழுதி வையுங்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. ஆனால் இறப்புக்கு வெப்பமே காரணம் என்ற சான்று வேண்டும். மருத்துவமனைக்கு வருவதற்குள் உடம்பு ஆறிவிட்டால் ‘மாரடைப்பு’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்தபோது விழுந்தார், அப்போது நினைவு எப்படி இருந்தது, குளிர்விப்பதற்கு முன் உடல் வெப்பம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி ஆம்புலன்ஸில் கூடவே அனுப்ப வேண்டும்.