நோயாளிக்கு நான்கு, வீட்டாருக்கு ஒன்று

பாம்பனிலோ தொண்டியிலோ ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானால், அவருக்கு மருந்து கொடுப்பதோடு சுகாதார ஊழியர்களின் வேலை முடிவதில்லை. ஒரே கூரையின் கீழ் உறங்கும் மனைவி, பிள்ளைகள், பெற்றோரையும் பரிசோதிக்கிறார்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர்கள் கையில் மாத்திரை தருகிறார்கள். "எனக்கு இருமலே இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று கேட்பது நியாயம்தான். நோயாளி நான்கு மருந்துகளை விழுங்க வேண்டியிருக்க, வீட்டாருக்கு ஐசோநியாசிட் என்ற ஒன்றே போதுமாக இருப்பது எப்படி என்பது இன்னும் ஆழமான கேள்வி.

ஐசோநியாசிட் 1912இல் பிராக் நகர ஆய்வகத்தில் உருவானது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது 1950களின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் மாண்டவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அது வேலை செய்யும் விதம் அழகானது. காசநோய்க் கிருமியைச் சுற்றி மைக்கோலிக் அமிலத்தாலான மெழுகுச் சுவர் உண்டு. பல மருந்துகள் அதைத் தாண்டி உள்ளே போக முடிவதில்லை. ஐசோநியாசிட் நுழைந்துவிடுகிறது, ஆனால் நுழையும்போது அதற்கு வீரியம் கிடையாது. கிருமியிடம் உள்ள கேட்டலேஸ் நொதிதான் அதைத் தூண்டி வீரியமுள்ளதாக மாற்றுகிறது. கொல்ல வந்தவனுக்குத் தானே கத்தி தீட்டிக் கொடுப்பது போன்ற செயல் இது. வீரியம் பெற்ற மருந்து, மைக்கோலிக் அமிலம் தயாரிக்கும் மற்றொரு நொதியை முடக்கிவிடுகிறது. பெருகும் கிருமிக்குப் புதுச் சுவர் எழுப்ப வழியில்லை, அது சாகிறது.

தப்பும் கிருமிகளும் உண்டு. கேட்டலேஸ் மரபணு பழுதுபட்ட கிருமிக்குள் மருந்து வீரியம் பெறாமலேயே கிடக்கும். ஏறத்தாழ 10 லட்சம் கிருமிகளில் ஒன்று இப்படி இயல்பாகவே ஐசோநியாசிட்டை எதிர்க்கும். நோய் முற்றிய நுரையீரலின் குழிவுக்குள் 10 கோடி கிருமிகள் இருந்தால், அவற்றில் நூறு இத்தகையவை. ஐசோநியாசிட்டை மட்டும் கொடுத்தால் மற்றவை செத்துப்போக, இந்த நூறும் பெருகி நுரையீரலை நிரப்பிவிடும். நான்கு மருந்துகளில் இன்னொன்றான ரிஃபாம்பிசினை எதிர்ப்பவையோ சுமார் 10 கோடியில் ஒன்றுதான். இரண்டு மருந்துகளையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி தோன்ற வேண்டுமானால், எந்த மனித உடலிலும் இல்லாத அளவு கிருமிகள் வேண்டும். கூட்டு மருந்தின் பலம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பைரசினமைடும் எத்தாம்பியூட்டாலும் சேர்ந்து முதல் இரண்டு மாதங்களுக்கு நான்கு மருந்துகள். பிறகு பைரசினமைடு இல்லாமல் மூன்று மருந்துகள் நான்கு மாதங்களுக்கு.

கிருமி தொற்றியும் நோய் வராத ஒருவரின் நிலை வேறு. அவருடைய நோய் எதிர்ப்பு அணுக்கள் கிருமிகளைச் சூழ்ந்து அடைத்து வைத்திருக்கின்றன. அந்தக் கிருமிகள் மிகச் சில. அவற்றுள் மருந்தை எதிர்க்கும் ஒன்று இருக்கும் வாய்ப்பு அரிது. அதனால் ஐசோநியாசிட் மட்டுமே போதும். ஆனால் அது பெருகும் கிருமியைத்தான் கொல்லும் என்பதாலும், உறங்கும் கிருமி எப்போதாவதுதான் விழிக்கும் என்பதாலும் ஆறு மாதம் தினமும் சாப்பிட வேண்டும். ரிஃபாபென்டின் என்ற மருந்துடன் சேர்த்து வாரம் ஒருமுறை, 12 வாரம் சாப்பிடும் முறையும் இப்போது உள்ளது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இது எவ்வளவோ வசதி. தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் என்றாவது நோய் வரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தடுப்பு மருந்துக்கு முன் நோய் இல்லை என்று உறுதி செய்வதையும் அலட்சியப்படுத்தக் கூடாது; மறைந்திருக்கும் நோய்க்கு ஒற்றை மருந்து கொடுத்தால் மேலே சொன்ன நூறு கிருமிகளின் கதை நடந்துவிடும்.

பக்கவிளைவுகளில் கல்லீரல் பாதிப்பு முக்கியமானது. கண் மஞ்சளானாலோ, ஓயாமல் குமட்டினாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாவது மட்டும் இயல்பானது, பயம் வேண்டாம். கால் மரத்துப்போகாமல் இருக்க வைட்டமின் பி6 தருகிறார்கள்.

ராமநாதபுரக் கரையில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று மீனைப் பற்றியது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. வழக்கமாக நம் குடலிலுள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். ஐசோநியாசிட் அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அதே மீன், மாத்திரை சாப்பிடுபவருக்கு முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு, அரிப்பைக் கொண்டுவரலாம். பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில், சூரை சாப்பிட்ட காசநோயாளிகளிடம் மருத்துவர்கள் இதைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள்.

மீனையே விட வேண்டியதில்லை. நோயிலிருந்து தேறும் உடலுக்குப் புரதம் அவசியம். விளைமீன், சங்கரா போன்ற வெள்ளைச் சதை மீன்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. சூரையும் கானாங்கெளுத்தியும் வேண்டுமென்றால், பிடித்ததிலிருந்தே ஐஸில் இருந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். முகம் சிவந்து படபடத்தால் "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று தாமாக நிறுத்திவிடாமல், என்ன மீன் சாப்பிட்டோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.