பள்ளி இருக்கும் தெருவுக்கு ஒரு எண்

தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளில் இரண்டு வகை உண்டு: கட்டணம் வாங்குபவை, வாங்கக் கூடாதவை. எந்தப் பள்ளி எந்த வகை என்பதைச் சொல்வது ‘குயின்டைல்’ எனும் எண். 1 என்றால் மிக ஏழ்மையான வட்டாரம், 5 என்றால் வசதியான வட்டாரம். 2007 முதல் 1, 2 எண் பள்ளிகளில் கட்டணம் கிடையாது, பின்னர் 3ஆம் எண்ணும் அதில் சேர்ந்தது. டர்பனை ஒட்டி, தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் பல பள்ளிகளுக்கு 4 அல்லது 5தான் கிடைத்திருக்கிறது. “இங்கே யாரப்பா பணக்காரன்?” என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

எண்ணை எப்படிப் போடுகிறார்கள்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வருமானம், வேலையின்மை, எழுத்தறிவு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டை யாரும் பார்ப்பதில்லை.

நிறவெறிக் காலத்தில் பள்ளி இருக்கும் பகுதியும் பிள்ளையின் வீடு இருக்கும் பகுதியும் ஒன்றாகத்தான் இருந்தன. எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்பதைச் சட்டம் வகுத்தது, இனத்துக்கொரு கல்வித்துறையும் இருந்தது. இந்தியர் கல்விக்கு 1965இல் தனிச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு பல இடங்களில் சமூகமே காசு திரட்டிப் பள்ளி கட்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியின் பெயரில் டர்பனில் 1929இல் திறந்த சாஸ்திரி கல்லூரியும் அப்படி இந்தியர் திரட்டிய நிதியில் எழுந்ததுதான். 1996இன் பள்ளிகள் சட்டம் எல்லாப் பள்ளிகளையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது. பிள்ளைகள் எல்லை தாண்டிப் படிக்கப் போனார்கள். பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் ஏழ்மையான உம்லாசியிலிருந்து டாக்சி பிடித்து சாட்ஸ்வொர்த் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஏராளம். ஆனால் பள்ளியின் எண் அது நிற்கும் தெருவின் எண்ணாகவே இருக்கிறது.

இந்த எண் ஆசிரியர் சம்பளத்தைத் தொடுவதில்லை. அரசு நியமித்த ஆசிரியருக்கு எல்லாப் பள்ளியிலும் அரசே சம்பளம் தருகிறது. புத்தகம், மின்கட்டணம், தண்ணீர், சிறு பழுதுபார்ப்பு போன்ற செலவுக்கு வரும் தொகைதான் எண்ணைப் பொறுத்தது. அதில் 5ஆம் எண் பள்ளிக்கு ஒரு மாணவருக்குக் கிடைப்பது, 1ஆம் எண் பள்ளிக்குக் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியைக் கட்டணத்தில் சமாளிக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். பற்றாக்குறைக்கு இருக்கவே இருக்கிறது பிரியாணி விற்பனை!

கட்டணப் பணத்தில் பள்ளி நிர்வாகக் குழு கூடுதல் ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம். தமிழ் மாதிரி, சிலரே எடுக்கும் பாடங்களின் கதி பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. 1996 அரசியலமைப்பு ஊக்குவித்து மதிக்க வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கூடுதல் மொழியாகப் பள்ளியில் எடுக்கவும் முடியும். ஆனால் அந்த வாசகம் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்துவிடாது.

சரி, கட்டணம் கட்ட முடியாதவர் என்ன செய்வார்? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் பெற்றோரின் கூட்டு வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ போனால் முழு விலக்கு. கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை வெளியே அனுப்பவும் முடியாது. நல்ல விதிதான். ஆனால் விலக்குக் கொடுத்த பள்ளிக்கு அரசு தரும் ஈடு, போன பணத்துக்கு இணையாவதில்லை. உம்லாசிப் பிள்ளைகளை அதிகம் சேர்க்கும் பள்ளிதான் அதிகம் இழக்கிறது. ஏழைகளுக்காகப் போட்ட கணக்கு, அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியையே தண்டிப்பது எனக்கு விசித்திரமாகத்தான் படுகிறது.

தெருவை விட்டுவிட்டுப் பிள்ளையை அளந்தால் என்ன? தினக்கூலிக்குப் போகிறவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது, வீடு வீடாக விசாரிக்க ஆளும் இல்லை. ஆனால் 1998 முதல் குழந்தை உதவித்தொகை வழங்கப்படுகிறது. அதைக் கொடுக்கப் பராமரிப்பவரின் வருமானத்தை அரசு ஏற்கெனவே விசாரித்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவோடு ஒப்பிட்டால், எந்தப் பள்ளியில் எத்தனை ஏழைப் பிள்ளைகள் என்பது தெரிந்துவிடும். அதன்பின் பணம் பிள்ளையோடு போகலாம்.