12 வோல்ட் பேட்டரியில் 22 வோல்ட் எங்கிருந்து வருகிறது?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்து மோட்டார் கொட்டகைகளிலிருந்து பழுதுக்கு வரும் போர்டுகளைப் பிரித்தால், பெரும்பாலும் ரெகுலேட்டர்தான் (பேட்டரி வோல்டேஜைப் போர்டுக்கு வேண்டிய அளவுக்கு இறக்கிக் கொடுக்கும் சில்லு) கருகியிருக்கும். செல்போனில் மோட்டார் போடும் கருவியோ, நீர்மட்ட அலாரமோ, எல்லாம் 12 வோல்ட் பேட்டரியும் சின்ன சோலார் பேனலும் வைத்து ஓடுபவை. "இடி இறங்கிடுச்சு சார்" என்பார்கள். ஐப்பசி மழையில் அதுவும் நடக்கும். ஆனால் மழையே இல்லாத சித்திரையிலும் போர்டுகள் வருகின்றனவே?

காரணம் பேட்டரி டெர்மினல். 36 செல் கொண்ட '12 வோல்ட்' பேனல், சுமை இல்லாதபோது 21, 22 வோல்ட் தரும். சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் இல்லாமல் நேராக இணைத்த இடங்களில் அதைப் பிடித்து வைத்திருப்பது பேட்டரிதான். டெர்மினலில் வெள்ளை பூத்து வயர் விட்டுப்போனால், பேனலின் முழு வோல்டேஜும் போர்டில் ஏறும். விலை குறைந்த போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரின் உச்ச வரம்பே 15 வோல்ட்.

சரி, வோல்டேஜ் எகிறினால் அதைக் கடத்தி அடக்கும் டிவிஎஸ் டயோடு, 15 வோல்ட்டுக்கானது ஒன்று போட்டால் போதாதா? போதாது. அந்த வகை டயோடான எஸ்எம்பிஜே15ஏ சுமார் 17 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கிவிடும். அதன் 600 வாட் திறன் ஒரு மில்லிசெகண்ட் அளவு அதிர்ச்சிக்கு மட்டும். 20 வாட் பேனல் நாள் முழுக்கத் தள்ளும் ஓர் ஆம்பியரை அது தாங்காது, வெந்துவிடும். நொடிப்பொழுது வந்துபோகும் அதிர்ச்சி வேறு, விடாமல் நிற்கும் அதிக வோல்டேஜ் வேறு. இரண்டையும் ஒரே பாகத்தின் தலையில் கட்டக்கூடாது.

அதனால் நான் முதலில் ரெகுலேட்டரை மாற்றுவேன். எல்எம்2596 உள்ளீட்டில் 40 வோல்ட் வரை வேலை செய்யும். அதற்கு முன்னால் எஸ்எம்பிஜே24ஏ என்ற 24 வோல்ட் டிவிஎஸ் டயோடு. பேனலின் 22 வோல்ட்டுக்கு அது அசையாது. மின்னல் அதிர்ச்சி வயரில் ஏறினால், தன் முழு அளவு மின்னோட்டத்திலும் 39 வோல்ட்டுக்குள் பிடிக்கும். மார்கழிக் குளிரில் பேனல் வோல்டேஜ் கொஞ்சம் கூடும், அதற்கும் இடம் இருக்கிறது. டயோடு கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும். ஆகவே அதற்கு முன் பியூஸ் கட்டாயம். அப்புறம், டயோடை வயர் உள்ளே வரும் இடத்திலேயே வையுங்கள், கிரவுண்ட் பாதை குட்டையாக இருக்கட்டும். போர்வெல்லிலிருந்து நீளமாக வரும் சென்சார் வயருக்கும் தனியாக ஒன்று வேண்டும்.

ஒற்றை லித்தியம் செல்லில் ஓடும் கருவி என்றால் கசிவைப் பாருங்கள், அதாவது சும்மா இருக்கும்போதும் டயோடு வழியாக ஓடும் சிறு மின்னோட்டத்தை. எஸ்எம்பிஜே15ஏ-வில் கசிவு ஒரு மைக்ரோஆம்பியர் அளவுதான். ஆனால் எஸ்எம்பிஜே5.0ஏ, 5 வோல்ட்டில் 800 மைக்ரோஆம்பியர் வரை கசியலாம். அந்தக் கணக்கில் 2000 எம்ஏஎச் செல் மூன்றரை மாதத்தில், கருவி ஒரு வேலையும் செய்யாமலே காலியாகும். செல்லின் 4.2 வோல்ட்டில் கசிவு இதைவிடக் குறைவுதான், என்றாலும் மாதக்கணக்கில் வயலில் கிடக்கும் கருவிக்கு அது இழப்பே. அந்த டயோடை பேட்டரி மேல் போடாமல், சார்ஜர் உள்ளீட்டுப் பக்கம் போடுங்கள்.