பாதிப் பேருக்குக் குறைபாடா?

திருகோணமலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். மாணவிகள் தங்கள் அம்மாமாரின் சாப்பாட்டைக் குறித்துக் கணக்குப் போட்டார்களாம். பாதிப் பேருக்கு மேல் விற்றமின் சி பரிந்துரை அளவை எட்டவில்லை. "அப்போ பாதிப் பேருக்குக் குறைபாடா, சேர்?"

இல்லை. அது குறைபாட்டை எண்ணுவதற்கான கோடே அல்ல. அமெரிக்க அட்டவணையில் வளர்ந்த பெண்களின் சராசரித் தேவை நாளுக்கு 60 மி.கி. நியம விலகல், அதாவது ஆளுக்கு ஆள் தேவை வேறுபடும் அளவு, அதில் 10 சதவீதம் என்று கொண்டு, இரண்டு விலகலைக் கூட்டினால் 72. அதை 75 ஆக்கி, பரிந்துரை அளவு என்று வைத்துவிட்டார்கள். 100 பேரில் 97, 98 பேருக்கு அது போதும். பெரும்பாலானோருக்குத் தேவைக்கு மேல்.

சரி, போதாதவர்களை எப்படி எண்ணுவது? ஒவ்வொருவரின் தேவையையும் அளக்க வழியில்லை. இங்கேதான் ஊட்டச்சத்து ஆய்வாளர் ஜோர்ஜ் பீட்டன் 1994இல் முன்வைத்த ஓர் அழகான தந்திரம் வருகிறது. ஒருவர் உண்பது அவர் வீட்டு வாசல் நிலையின் உயரம், அவருடைய தேவை அவரது உயரம் என்று வையுங்கள். நிலைகளை அளக்கலாம், ஆட்களை முடியாது. சராசரி ஆளைவிடத் தாழ்ந்த நிலைகளை மட்டும் எண்ணுங்கள். அவற்றில் சில வீடுகளில் குள்ளமானவர்கள் இருப்பார்கள். தலை இடிக்காது, ஆனாலும் எண்ணிவிட்டோம். உயர்ந்த நிலைகள் சிலவற்றில் நெட்டையர்கள் இருப்பார்கள். இடிக்கும், நாம் எண்ணவில்லை. இந்த இரண்டு பிழையும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்! யாருடைய தலை இடிக்கிறது என்று தெரியாமலே எத்தனை தலை என்று சொல்லிவிடலாம். ஆகவே ரீச்சர், 75ஐ விட்டு 60க்குக் கீழே எத்தனை பேர் என்று பாருங்கள்.

கலோரிக்கு இது பலிக்காது. பசி என்று ஒன்று இருப்பதால் அவரவர் உயரத்துக்கேற்பவே நிலை வைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், ஒரே ஒரு நாள் குறிப்பும் உதவாது. வழக்கமாக என்ன சாப்பிடுகிறார்கள் என்பதே வேண்டும். சத்து மாத்திரை கொடுக்கக் காசு கிடைத்துவிடும். அதே வீட்டுக்கு இரண்டாம் தரம் போய்க் கேட்கத்தான் ஒருவரும் காசு தரமாட்டார்கள் என்பது என் எரிச்சல்.

இரும்புச்சத்து இன்னும் சிக்கல். மாதவிடாயில் சிலருக்கு மிக அதிகமாக இரத்தம் போவதால் பெண்களின் தேவை ஒரு பக்கம் நீண்ட வாலாக இழுபடும். அமெரிக்க அட்டவணையில் சராசரி 8.1 மி.கி., பரிந்துரையோ 18. சரிக்கட்டும் தந்திரம் இங்கே உடைந்துபோகிறது. போதாக்குறைக்கு, உடல் உறிஞ்சும் அளவும் சாப்பாட்டைப் பொறுத்து மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2004 அட்டவணை 15 சதவீதம் உறிஞ்சினால் நாளுக்கு 19.6 மி.கி. சாப்பிட வேண்டும் என்கிறது, 5 சதவீதமென்றால் 58.8. சோறு, பருப்பு, கீரை சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் உறிஞ்சுவது குறையும். தேசிக்காய்ப் புளியோ மீனோ சேர்ந்தால் கூடும். அடுத்த முறை இரும்புக்குக் கணக்கெடுப்பதானால், தேத்தண்ணி குடித்த நேரத்தையும் பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லுங்கள்.