விற்பனைக்கு வரும் ஜிடி40 நகல்: ஃபைபர்கிளாஸுக்கு உள்ளே இருக்கும் அறிவியல்

பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மனதில் வைத்துக் கட்டப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் புரோட்டோடைப் கார்களில், நகல் செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கை வைக்கும் கார் ஃபோர்டு ஜிடி40. விற்பனைக்கு வரும் நகல்களின் படங்களைப் பார்த்தால் அசலிலிருந்து பிரித்தறிவது கஷ்டம். பெரியவர் ஒருவரின் இடுப்பளவே உயரம், கூரைக்குள் வெட்டி ஏறும் கதவுகள், மூக்கின் மேல் இரண்டு காற்றுத் திறப்புகள், பின்கண்ணாடிக்குக் கீழே பின்னிக் கிடக்கும் எக்ஸாஸ்ட் குழாய்கள், கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் வெளிர் நீலமும் ஆரஞ்சும். எல்லாமே இருக்கும். ஆனால் இந்தக் காரில் நகலெடுக்க மிகச் சுலபமானது அந்த உருவம்தான். அசலின் மூக்கும் வாலும் ஃபைபர்கிளாஸில் செய்யப்பட்டவை. அச்சு கையில் இருந்தால் இன்றும் எத்தனை வேண்டுமானாலும் வார்த்தெடுக்கலாம். சக்கரத்தில் பிறக்கும் விசை காருக்குள் எந்த வழியாகப் பாய்கிறது என்று பார்க்கும்போதுதான் நல்ல நகலும் சாதாரண நகலும் பிரியத் தொடங்குகின்றன.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1963-இல் ஃபெராரி நிறுவனத்தை வாங்க ஃபோர்டு நடத்திய பேச்சு முறிந்தது. லெ மானில் ஃபெராரியைத் தோற்கடித்தே தீர வேண்டும் என்று இரண்டாம் ஹென்றி ஃபோர்டு முடிவெடுத்தார். எரிக் பிராட்லி வடிவமைத்த லோலா மார்க் 6 காரை அடித்தளமாக வைத்து, இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் ஜான் வையர் தலைமையில் வேலை நடந்தது. பெயரில் உள்ள 40, காரின் உயரம்: 40 அங்குலம், அதாவது 101.6 செ.மீ. 1964, 1965 இரண்டு ஆண்டுகளிலும் லெ மானில் ஒரு ஜிடி40கூடப் பந்தயத்தை முடிக்கவில்லை. 1966-இல் 7 லிட்டர் எஞ்சினோடு புரோட்டோடைப் பிரிவில் வந்த ஜிடி40 மார்க் II கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. அதன்பின் 1969 வரை வருடா வருடம் ஃபோர்டுதான் வென்றது. 1968-இலும் 1969-இலும் வென்றது 1075 என்ற சேஸிஸ் (காரின் எலும்புக்கூடு) எண் கொண்ட அதே ஒரே கார்!

அசல்கள் மொத்தமே நூற்றுச் சொச்சம். 2012-இல் கலிஃபோர்னியாவின் மான்டரே ஏலத்தில் ஒரு கல்ஃப் ஜிடி40 ஒரு கோடியே பத்து லட்சம் டாலருக்குப் போனது. அவ்வளவு விலையுள்ள காரை மழையில் வளைவுக்கு வளைவு விரட்ட எத்தனை பேருக்கு மனம் வரும்? நகலுக்குத் தேவை பிறப்பது இங்கேதான். அது ஒரு மரியாதையான தேவை என்றே நான் நினைக்கிறேன். ஓடாத காரைப் பார்த்து எந்திரவியல் கற்க முடியாது.

சரி, உள்ளே போவோம். அசல் காரின் உடம்பு ஒரு மோனோகாக். தனியாகச் சட்டம் என்று எதுவும் கிடையாது. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய எஃகுத் தகடுகளை மடித்து, வெல்டிங் செய்து, அந்தப் பெட்டிகளையே எலும்பாக ஆக்கியிருந்தார்கள். கதவுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் அகலமான வாசற்படிகள்தான் அதன் முதுகெலும்பு. பெட்ரோல் வைக்கும் ரப்பர் பைகளும் அவற்றுக்குள்ளேயே இருந்தன. உட்கார வேண்டுமானால் அந்தப் படியைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். தாண்டுவது சிரமம், ஆனால் அந்த அகலத்துக்குக் காரணம் உண்டு.

மெல்லிய தகட்டில் செய்த ஒரு குழாய் திருகலை எவ்வளவு தாங்கும் என்பது, அது வளைத்துக்கொள்ளும் குறுக்குவெட்டுப் பரப்பின் இருமடியை (வர்க்கத்தை) பொறுத்தது. தகடு எவ்வளவு தடிமன் என்பது அதற்கு அடுத்துத்தான். நாலு பக்கமும் ஒட்டிய அட்டைப் பெட்டியைத் திருகிப் பாருங்கள், அசையாது. ஓர் ஓரத்தை நீளவாக்கில் கிழித்துவிட்டுத் திருகினால் துவண்டுவிடும். 20 செ.மீ. பக்கமுள்ள சதுரக் குழாயை 1 மி.மீ. தகட்டில் செய்து கணக்குப் போட்டால், மூடிய குழாயின் திருகு விறைப்பு, ஓரம் பிளந்த குழாயைவிடச் சுமார் 30,000 மடங்கு வருகிறது. உலோகம் அதே அளவு, எடையும் அதேதான். மூடியிருக்கிறதா இல்லையா என்பது ஒன்றே வித்தியாசம். ஜிடி40-இன் வாசற்படிகள் பெரிய, மூடிய பெட்டிகள். கூரை வரை வெட்டப்பட்ட கதவுகள் மேல்பக்கத்தைப் பலவீனப்படுத்தினாலும், கீழே இந்த இரண்டு பெட்டிகளும் குறுக்குச் சுவர்களும் அதை ஈடுகட்டுகின்றன.

பெரும்பாலான நகல்களில் இது இருக்காது. தகட்டை மடித்து மோனோகாக் கட்ட அச்சும் பொருத்துசட்டங்களும் நிறைய உழைப்பும் வேண்டும். அதனால் சதுர எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து ஸ்பேஸ்ஃபிரேம் கட்டி, அதன்மேல் ஃபைபர்கிளாஸை மாட்டிவிடுவார்கள். ஸ்பேஸ்ஃபிரேம் ஒன்றும் மட்டமான முறை இல்லை. 1970-இலும் 1971-இலும் லெ மானை வென்ற போர்ஷே 917 ஒரு ஸ்பேஸ்ஃபிரேம் கார்தான். அதன் உயிர் முக்கோணத்தில் இருக்கிறது. நான்கு குழாய்களைச் சதுரமாக இணைத்துத் தள்ளினால் அது சாய்சதுரமாகச் சரியும். மூலைவிட்டமாக ஒரு குழாய் சேர்த்துவிட்டால், சரிய வேண்டுமென்றால் அந்தக் குழாய் நீள வேண்டும் அல்லது சுருங்க வேண்டும். எஃகு அதற்கு எளிதில் இணங்காது. ஆகவே நகலின் சேஸிஸ் படங்களைக் கேட்டு வாங்கி மூலைவிட்டங்களைத் தேடுவது நல்லது. எஞ்சின் அறையைச் சுற்றித்தான் அவை அடிக்கடி காணாமல் போயிருக்கும். எஞ்சினை வெளியே எடுக்க வழி வேண்டுமே என்று விட்டிருப்பார்கள். கழற்றி மாட்டக்கூடிய மூலைவிட்டம் இருந்தால், கட்டியவர் யோசித்துக் கட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

மோனோகாக் நகல்களும் கிடைக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் கட்டப்படும் சூப்பர்ஃபார்மன்ஸ் கார்கள் அந்த வகை. இவற்றில் கவலை வேறு: துரு. மூடிய பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் வெளியிலிருந்து தெரியாது, தகடும் மெல்லியது. அசல் கார்களையும் இதே நோய் தின்றிருக்கிறது.

சேஸிஸ் கொஞ்சம் திருகினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். சஸ்பென்ஷனின் வேலையே அதில்தான் இருக்கிறது. வளைவில் கார் சாயும்போது அந்தச் சாய்வை முன் சக்கரங்கள் எவ்வளவு தாங்குகின்றன, பின் சக்கரங்கள் எவ்வளவு தாங்குகின்றன என்ற பங்கீடுதான் கார் நேராக வழுக்குமா, வாலைச் சுழற்றுமா என்பதைத் தீர்மானிக்கிறது. மெக்கானிக், சாய்வைக் கட்டுப்படுத்தும் கம்பியான ஆன்டி-ரோல் பாரை மாற்றி இந்தப் பங்கீட்டைச் சரிசெய்வார். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் சேஸிஸே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்தால், முன்னால் செய்த மாற்றம் பின்னால் போய்ச் சேராது. என்ன மாற்றினாலும் கார் ஒரே மாதிரி ஓடுகிறது என்று குழம்ப வேண்டியதுதான்.

அப்புறம் கியர்பாக்ஸ். இங்கேதான் நகல் கட்டுபவர்களின் திறமை அழகாக வெளிப்படுகிறது. ஜிடி40-இல் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. கியர்பாக்ஸும், விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் ஒரே உறைக்குள் சேர்ந்து எஞ்சினுக்குப் பின்னால் தொங்குகின்றன. ஆரம்பத்தில் வைத்த இத்தாலியக் கொலோட்டி பெட்டி 1964-இல் தொல்லை கொடுத்தது. பிறகு ஜெர்மனியின் இசட்எஃப் ஐந்து கியர் பெட்டி வந்தது. இன்று அது விலை உயர்ந்த பொருள். அதனால் நகல் கட்டுபவர்கள் போர்ஷே 911, ஆடி, ரெனோ கார்களின் பெட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

911-இன் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காரில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. ஜிடி40-இல் அது அச்சுக்கு முன்னால் வர வேண்டும். எஞ்சினும் பெட்டியும் சேர்ந்த தொகுதியை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தால் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும். ஐந்து ரிவர்ஸ் கியர், ஒரே ஒரு முன்னோக்கிய கியர்! இதைத் தீர்க்க இரண்டு வழி. டிஃபரென்ஷியலின் பெரிய பல்சக்கரத்தை, அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் மறுபக்கத்துக்கு மாற்றலாம். அல்லது முழுப் பெட்டியையும் தலைகீழாகக் கவிழ்க்கலாம். நீளவாக்கு அச்சைச் சுற்றிக் கவிழ்ப்பதால் எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியின் திசை மாறாது. பக்கவாட்டில் வெளிவரும் சுழற்சி மட்டும் திசை மாறும். கவிழ்த்த பெட்டியில் உள்ளீட்டுத் தண்டு தாழ்ந்து வருவதால் எஞ்சினையும் தாழ்த்தி வைக்கலாம், காரின் புவியீர்ப்பு மையம் இறங்கும். ஆனால் எண்ணெய் தங்கும் இடம், காற்றுப் போக்கி எல்லாம் தலைகீழாகிவிடுகின்றன. அவற்றை மாற்றி அமைக்காவிட்டால் மேலே இருக்கும் பற்களும் பேரிங்குகளும் எண்ணெய் இல்லாமல் தேயும். கவிழ்த்த பெட்டி உள்ள நகலை விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எண்ணெய் ஓட்டத்துக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான். பழைய பிரிட்டிஷ் நகல்களில் வரும் ரெனோ பெட்டிக்கு இன்னொரு கேள்வி உண்டு. நன்கு முறுக்கேற்றிய 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினின் முறுக்குவிசை அதற்குப் பெரிய சுமை.

எஞ்சின் பற்றி நிறையச் சொல்லலாம், எனக்குப் பிடித்த பகுதி அந்த எக்ஸாஸ்ட் பின்னல். பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். நான்கு ஸ்ட்ரோக் வி8-இல் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, அதாவது 720 டிகிரிக்குள், எட்டு சிலிண்டரும் தலா 90 டிகிரி இடைவெளியில் ஒருமுறை எரிகின்றன. அசல் 4.7 லிட்டர் எஞ்சினில் 1 முதல் 4 வரை எண்ணுள்ள சிலிண்டர்கள் ஒரு பக்கம், 5 முதல் 8 வரை மறுபக்கம். எரியும் வரிசை 1-5-4-2-6-3-7-8. ஒரு பக்கத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். 1-க்குப் பிறகு 4 வர 180 டிகிரி, அடுத்து 2 வர வெறும் 90, பிறகு 3 வர 180, மறுபடி 1 வர 270. ஒரே பக்கத்து நான்கையும் ஒரு குழாயில் சேர்த்தால் 4-உம் 2-உம் முட்டிக்கொள்ளும். 4-இன் எக்ஸாஸ்ட் வால்வு மூடும் முன்பே 2-இன் அழுத்த அலை குழாயில் வந்து, எரிந்த வாயு வெளியேறுவதைத் தடுக்கும்.

இதற்கு விடை 1, 4, 6, 7 நான்கையும் ஒரு குழாயிலும், 2, 3, 5, 8 நான்கையும் இன்னொன்றிலும் சேர்ப்பது. இப்போது ஒவ்வொரு குழாயிலும் சரியாக 180 டிகிரிக்கு ஒரு துடிப்பு வருகிறது. ஒரு துடிப்பின் பின்னால் உருவாகும் தாழ்வழுத்தம் அடுத்த சிலிண்டரைக் காலி செய்யக்கூட உதவும். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டு குழாய்கள் எஞ்சினைத் தாண்டி மறுபக்கம் போயாக வேண்டும், எட்டுக் குழாயின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் பின்னல் பிறந்தது இப்படித்தான். ஒலியும் மாறிவிடும்: அமெரிக்க வி8-இன் கடகடப்பு போய்ச் சீரான, கூர்மையான சத்தம் வரும்.

நகலில் ஃபோர்டின் 5.8 லிட்டர் விண்ட்சர் எஞ்சின் இருந்தால் எரியும் வரிசை 1-3-7-2-6-5-4-8 என்று மாறும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதே இரண்டு குழுக்கள்தான் வருகின்றன! பின்னலின் தத்துவம் அப்படியே பொருந்தும். ஆனால் அந்த எஞ்சினின் பிளாக் உயரமானது, சிலிண்டர் தலைகள் ஒவ்வொன்றும் சிலிண்டர் சாய்ந்திருக்கும் திசையில் 3 செ.மீ.க்கு மேல் தள்ளி நிற்கும். அசல் எஞ்சினுக்குச் செய்த குழாய்கள் அதில் உட்காராது.

காற்றின் கதை வேறு. 1964 ஏப்ரலில் லெ மான் சோதனை ஓட்டத்துக்கு வந்த இரண்டு கார்களும் விபத்தில் சிக்கின. வேகத்தில் பின்பக்கம் தூக்கியது. சரிந்திறங்கும் வாலின் மேல் காற்று வேகமாக ஓடி அழுத்தம் குறைவதால் வரும் தூக்கு அது. வாலின் ஓரத்தில் சிறு உதடு போல ஒரு ஸ்பாய்லரை வைத்ததும் அங்கே காற்று தேங்கி அழுத்தம் ஏறியது, கார் நிலைத்தது. தூக்குவிசை வேகத்தின் இருமடியாக வளரும் என்பதால் 100 கி.மீ. வேகத்தில் தெரியாத கோளாறு 300-இல் ஒன்பது மடங்காகும். வேகத்தடைகளுக்குப் பயந்து உயர்த்தி வைத்த நகலில், உருவம் அச்சு அசலாக இருந்தாலும் அடியில் ஓடும் காற்று வேறு. ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறவர் தரையிலிருந்து முன்பக்க உயரத்தையும் பின்பக்க உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

பிரேக்கும் அதே இருமடிக் கணக்குத்தான். 330 கி.மீ. வேகத்தில் உள்ள இயக்க ஆற்றல் 100 கி.மீ.யில் இருப்பதைப் போலச் சுமார் 11 மடங்கு. மார்க் II கார்களில் பந்தயத்தின் நடுவிலேயே டிஸ்க்குகளைச் சீக்கிரம் மாற்ற ஏற்பாடு செய்திருந்தார்கள். நகலுக்கு அந்த அவஸ்தை இல்லை, இன்றைய காலிப்பர்களும் பேடுகளும் போதும். குளிர்விப்பில் மட்டும் கவனம் தேவை. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவே நீண்ட குழாய்கள். எங்காவது காற்றுக்குமிழ் தங்கினால் எஞ்சின் சூடேறும்.

கடைசியாகக் காகிதம். பழைய கார்ப் பந்தயங்களில் ஓட உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பு ஹிஸ்டாரிக் டெக்னிக்கல் பாஸ்போர்ட் என்ற ஆவணத்தைத் தருகிறது. அந்தக் காலத்து அளவுகளின்படியே கட்டிய புதிய காரும் அதைப் பெறலாம். அந்தப் பாஸ்போர்ட் காரின் தொழில்நுட்ப அமைப்பு சரி என்று சொல்கிறது. காரின் வரலாற்றுக்கு அது சாட்சி ஆகாது. குழாய்ச் சட்டம் போட்ட நகலுக்கு அது கிடைக்காது, காரணம் மேலே பார்த்த அதே மோனோகாக். விளம்பரத்தில் இந்தப் பாஸ்போர்ட் இருப்பதாகப் போட்டிருந்தால், சேஸிஸ் எண்ணைத் தகட்டில் பார்த்து, பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணோடும் படங்களோடும் ஒப்பிட்ட பிறகே விலை பேச வேண்டும்.