ஆஸ்ட்ரசிசம்: பானையோட்டில் பெயர் எழுதி அனுப்புவது

ஆங்கிலச் செய்தியில் ‘ஆஸ்ட்ரசிசம்’ என்று வந்தால் மொழிபெயர்ப்பவரின் கை தானாக ‘சமூகப் புறக்கணிப்பு’ என்றோ ‘ஊர்விலக்கு’ என்றோ எழுதிவிடும். அதே சொல் கிரேக்க வரலாற்றில் வந்தால் ‘நாடு கடத்தல்’ ஆகிவிடும். முந்தியவை இன்றைய பொருளுக்குப் பாதி பொருந்தும். பிந்தியது தப்பு. பழங்கால ஏதென்ஸ்காரர்கள் பானையோட்டில் பெயர் எழுதி வாக்கெடுத்து, ஒருவரைப் பத்தாண்டு வெளியே அனுப்பினார்கள். அது தண்டனையே அல்ல.

‘ஒஸ்ட்ரகோன்’ என்றால் கிரேக்கத்தில் ஓடு. நத்தை ஓடு, ஆமை ஓடு, உடைந்த சட்டியின் ஓடு எல்லாவற்றுக்கும் நம் ‘ஓடு’ மாதிரியே ஒரே சொல். எலும்பைக் குறிக்கும் ‘ஒஸ்தியோன்’ இதற்கு உடன்பிறப்பு. எலும்பு மருத்துவத்தில் ‘ஆஸ்டியோ’ என்று தொடங்கும் சொற்களெல்லாம் அங்கிருந்து வந்தவை. நாம் கரைக்கிற ‘அஸ்தி’ வடமொழி வழியாக வந்தது, அதற்கும் வேர் இதுவே. ஓட்டில் எழுதி ஒருவரை அனுப்புவது ‘ஒஸ்ட்ரகிஸ்மோஸ்’. அதுதான் ஆங்கிலத்துக்குப் போய் ஆஸ்ட்ரசிசம் ஆனது.

எழுத ஏன் ஓடு? எகிப்திலிருந்து வந்த பப்பைரஸ் தாளுக்குக் காசு வேண்டும். உடைந்த சட்டி தெருவெல்லாம் கிடக்கும், ஆணி முனையால் கீறினால் எழுத்து நிற்கும்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஏதென்ஸ் அரசியல் தலைவர் கிளைஸ்தனீஸ் என்பது மரபு. கி.மு. 508 வாக்கில் அவர் செய்த சீர்திருத்தங்களோடு சேர்த்துச் சொல்வார்கள். முதன்முதலில் பயன்பட்டது கி.மு. 487இல், பழைய சர்வாதிகாரி பிசிஸ்திராட்டஸின் உறவினரான ஹிப்பார்க்கஸ் மீது. ஏதென்ஸின் ஆண்டு பத்துத் தவணைகளாகப் பிரிந்திருந்தது, ஒவ்வொன்றும் 35, 36 நாள். ஆறாம் தவணையில், நம் கணக்கில் தை மாத வாக்கில், மக்கள் பேரவையில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்த ஆண்டு ஓடு எறிய வேண்டுமா? யார் மேல் என்று பேச்சே எழாது. குற்றச்சாட்டு கிடையாது, வாதம் கிடையாது. பெரும்பாலோர் கை தூக்கினால் எட்டாம் தவணையில், பங்குனி வாக்கில், நாள் குறிப்பார்கள். நடுவில் கிடைக்கிற இரண்டு மாதம்தான் உண்மையான பிரச்சாரக் காலம்.

அன்றைக்குச் சந்தைவெளியான அகோராவில் பலகை அடைத்துப் பத்து வாசல் விடுவார்கள், பத்துக் குலங்களுக்கும் ஆளுக்கொரு வாசல். குடியுரிமை உள்ள ஆண்கள் தங்கள் குலத்து வாசலால் போய், எழுத்துத் தெரியாதபடி ஓட்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கொடுப்பார்கள். (பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் ஓடு இல்லை.) ஒன்பது ஆட்சியாளர்களும் ஐந்நூற்றுவர் மன்றமும் மேற்பார்வை. கணக்கில் வரும் எண் 6,000. மொத்தம் 6,000 ஓடு விழுந்தால் செல்லும், அதில் அதிகம் வாங்கியவர் போக வேண்டும் என்கிறார் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க். ஒரே ஆளுக்கு எதிராக 6,000 விழ வேண்டும் என்று எழுதிய பழைய ஆசிரியரும் உண்டு. அத்தனை பெரிய எண் ஒருவர் மேலேயே விழுவது அரிது, புளூட்டார்க் சொல்வதே நடக்கிற காரியமாகத் தெரிகிறது.

பெயர் வந்தவர் பத்து நாளில் கிளம்ப வேண்டும், பத்தாண்டு வெளியே இருக்க வேண்டும். நிலம், வீடு, வருமானம் எதுவும் கைவிட்டுப் போகாது. குடியுரிமை இருக்கும். பத்தாண்டு முடிந்து திரும்பினால் பழைய மரியாதை. கி.மு. 482இல் வெளியே போன அரசியல் தலைவர் அரிஸ்டைடீஸை, பாரசீகப் படை வந்ததும் 480இலேயே திரும்ப அழைத்தார்கள். தண்டனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இன்னொரு தலைவரான தெமிஸ்டோக்ளீஸ் கதையில் பளிச்சென்று தெரியும். கி.மு. 471 வாக்கில் ஓடு விழுந்து அவர் ஆர்கோஸில் போய் உட்கார்ந்தார், சொத்து அப்படியே இருந்தது. பிறகு தேசத்துரோகக் குற்றச்சாட்டு எழுந்து, அவர் பாரசீகத்துக்கு ஓடினார். சொத்து பறிபோனது அப்போதுதான்.

ஓடுகளை மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். 1960களில் கெராமைக்கோஸ் பகுதியில் மட்டும் சுமார் 8,500 கிடைத்தன. குயவர் குடியிருப்பு இருந்த இடம் அது. பெயர், தகப்பன் பெயர், சிலதில் ஊர்ப் பெயரும்: ‘தெமிஸ்டோக்ளீஸ், நியோக்ளீஸ் மகன், ஃப்ரெயாரியோஸ்காரன்’. நம் இனிஷியல் வழக்கம் அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எழுத்துப்பிழை தாராளம், வைகிற வார்த்தையும் உண்டு. தளபதி கிமோனின் பெயர் எழுதிய ஒருவர், ‘எல்பினிக்கேயைக் கூட்டிக்கொண்டு போ’ என்று சேர்த்திருக்கிறார். எல்பினிக்கே கிமோனின் சகோதரி, அவர்களைப் பற்றி ஊரில் ஓடிய வம்பு அது. ‘லிமோஸ்’ என்று கீறிய ஓடும் உண்டு. அது ஆள் பெயரல்ல, ‘பஞ்சம்’ என்று பொருள். பசியையே பத்தாண்டு வெளியே அனுப்பச் சொல்லி யாரோ கொடுத்த ஓடு.

ஏற்பாடு எங்கே கெட்டது? ஏதென்ஸின் கோட்டைக்குன்றான அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் 190 ஓடுகள் கிடைத்தன, எல்லாம் தெமிஸ்டோக்ளீஸ் பெயர். கையெழுத்தோ பதினான்கு பேருடையதுதான். யாரோ கூடி உட்கார்ந்து எழுதிக் குவித்து வைத்திருக்கிறார்கள், எழுதத் தெரியாதவருக்கும் நேரமில்லாதவருக்கும் கையில் கொடுக்க. கட்சிக்காரர்கள் பூத் சிலிப்போடு சின்னத்தையும் சேர்த்துக் கொடுக்கிற வேலை பழையது. கடைசி அடி கி.மு. 417–415 வாக்கில் விழுந்தது. போட்டித் தலைவர்களான நிக்கியாஸ், அல்சிபயடீஸ் இருவரில் ஒருவர் போக வேண்டிய நிலை. இருவரும் தங்கள் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஹைப்பர்போலஸ் என்ற மூன்றாமவரை அனுப்பிவிட்டார்கள். இப்படிப்பட்ட ஆளுக்காகவா ஓட்டைக் கண்டுபிடித்தார்கள் என்று அக்கால நகைச்சுவை நாடகக்காரர் ஒருவர் எழுதினார். அதன்பின் ஓடு விழவில்லை. ஆனாலும் அரிஸ்டாட்டில் காலத்திலும் ஆறாம் தவணையில் கேள்வி மட்டும் கேட்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ மூன்றாம் நூலில் இதை எடைபோடுகிறார். எவ்வளவு அழகாக இருந்தாலும் உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதத்தை ஓவியர் விடமாட்டார், கூட்டத்தில் எல்லாரையும் மிஞ்சிப் பாடுகிறவரைப் பாடகர் குழுத் தலைவர் சேர்க்கமாட்டார். அந்த நியாயம் இதற்கும் உண்டு என்கிறார். ஆனால் இந்த மருந்தே தேவைப்படாதபடி அரசமைப்பை முதலிலேயே அமைப்பது மேல், நகரங்களில் இதைக் கட்சிச் சண்டைக்குத்தான் பயன்படுத்தினார்கள் என்றும் சொல்லிவிடுகிறார். சிசிலியின் சிராக்கூஸில் இதையே ஒலிவ இலையில் எழுதி, ஐந்தாண்டுக்குச் செய்தார்கள். பெயர் ‘பெட்டலிஸ்மோஸ்’, இலையெழுத்து. திறமையுள்ளவர்கள் பயந்து பொதுவேலையிலிருந்தே ஒதுங்கிக்கொள்ள, சீக்கிரமே கைவிட்டார்கள். இலை என்றதும் உத்தரமேரூர்க் குடவோலை நினைவுக்கு வரும். அது ஆளைத் தேர்ந்தெடுக்க, அதுவும் குலுக்கலில். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

சரி, தமிழில் என்ன எழுதுவது? ஏதென்ஸ் ஏற்பாட்டுக்கு ‘பானையோட்டு விலக்கம்’ எழுதலாம். ‘ஓட்டு விலக்கம்’ என்று சுருக்கினால் வாக்குரிமையைப் பறித்ததாக வாசிப்பார்கள். ‘விலக்கு’ என்று முடித்தாலும் சிக்கல்: தென்மாவட்டங்களில் விலக்கு என்றால் பேருந்து நிற்கும் கிளைச்சாலை முனை, வீட்டில் சொன்னால் வேறு பொருள். இன்றைய பொருளுக்கு ஊரில் புழங்குகிற ‘ஒதுக்கிவைத்தல்’, ‘தள்ளிவைத்தல்’ போதும். நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாமல், பேச்சுவார்த்தை இல்லாமல் வைப்பது அந்தச் சொற்களிலேயே இருக்கிறது. ‘புறக்கணிப்பு’ தேர்தலுக்கும் விழாவுக்கும் பொருளுக்கும் போகிற சொல், ‘பாய்காட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விட்டுவிடலாம்.

வாக்கு என்ற பொருளில் வரும் ‘ஓட்டு’ பானை ஓட்டிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது ஆங்கில ‘வோட்’. வகரம் ஓகாரத்தோடு சேர்ந்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. நாக்கு அந்த விதிப்படி வகரத்தை உதிர்த்துவிட்டது.