எஞ்சினைத் திருப்பி வைத்த கார்

1974-இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் நீளம் 3.7 மீட்டர். அது யாருடைய இடத்தைப் பிடிக்க வந்ததோ, அதே நிறுவனத்தின் பழைய பீட்டில் கார் 4 மீட்டருக்கும் மேல். ஆனால் நான்கு பேரை ஏற்றி, பெட்டிகளையும் அடுக்கிப் பார்த்தால் குட்டையான காரில்தான் தாராளமாக இடம் இருக்கிறது. இந்த இடம் எங்கிருந்து முளைத்தது?

ஹேட்ச்பேக் என்றதும் பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவுதான் எல்லோர் நினைவுக்கும் வரும். என்னைக் கேட்டால் அந்தக் கதவு கடைசியில் கிடைத்த இனாம். வித்தை முழுவதும் பானெட்டுக்குக் கீழே நடந்தது.

பீட்டிலின் எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருந்தது. அங்கே கதவு வைத்து என்ன செய்ய? 1972 பிப்ரவரி 17 அன்று 1,50,07,034-ஆவது பீட்டில் வெளிவந்து, ஃபோர்டின் மாடல் டி காரின் உற்பத்திச் சாதனையை முறியடித்தது. ஆனால் அதற்குள் வண்டிக்கு வயதாகிவிட்டது. மாற்றாக, எஞ்சினைப் பின்சீட்டுக்கு அடியில் படுக்கவைக்கும் ஒரு திட்டம் போர்ஷேயிடம் வளர்ந்துகொண்டிருந்தது. 1971-இல் ஃபோக்ஸ்வாகனின் தலைமைக்கு வந்த ருடால்ஃப் லைடிங் அதை மூட்டை கட்டினார். சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சின் என்ற வண்டியை நினைத்தாலே மெக்கானிக்குகளுக்கு முதுகு வலித்திருக்கும். 1974-இல் மட்டும் நிறுவனத்தின் நஷ்டம் 80 கோடி மார்க்கைத் தாண்டியது. இந்த நெருக்கடிக்கு நடுவேதான் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்த கோல்ஃப் சந்தைக்கு வந்தது.

உள்ளே இருந்த ஏற்பாடு வேறு இடங்களில் பிறந்தது. 1959-இல் பிரிட்டனின் அலெக் இசிகோனிஸ், 3.05 மீட்டரே நீளமுள்ள மினி காரில் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டர்கள் எப்போதும் அகலத்தைவிட நீளத்தைத்தான் அதிகம் கேட்கும். அந்த நீளத்தைக் காரின் அகலத்தில் போட்டுவிட்டால் மூக்கு குட்டையாகிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. எஞ்சின் நீளவாக்கில் இருந்தால், அதன் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்க 90 டிகிரி திருப்ப வேண்டும். குறுக்கே இருந்தால் எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டும் சக்கர அச்சும் ஒரே திசையில் இருக்கும்; சாதாரண பல்சக்கரங்களே போதும்.

சரி, கியர்பாக்ஸை எங்கே வைப்பது? இசிகோனிஸ் அதை எஞ்சினுக்கு அடியிலேயே செருகினார். இரண்டுக்கும் ஒரே ஆயில். பற்கள் அரைத்த ஆயிலே எஞ்சினுக்கும் போகவேண்டிய நிலை. ஃபியட்டின் தான்தே ஜகோசா வேறு வழி பிடித்தார். எஞ்சினின் பக்கவாட்டு முனையில் கியர்பாக்ஸை ஒட்டவைத்து, இரண்டுக்கும் தனித்தனி ஆயில் கொடுத்தார். 1964-இல் வந்த ஆட்டோபியாங்கி பிரிமுலாதான் முதல் பரிசோதனை. 1969-இல் ஃபியட் 128. கோல்ஃபும் இந்த வழியில்தான் வந்தது. இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவற்றின் பானெட்டுக்குள் இருப்பதும் ஜகோசாவின் ஏற்பாடுதான்.

திருப்பி வைத்ததால் வந்த தொல்லைகளும் உண்டு. ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது, எஞ்சினின் புல்லியோ பக்கவாட்டைப் பார்க்கிறது. பெல்ட் போட்டு விசிறியைச் சுற்ற முடியாது. எனவே மின்மோட்டார் வைத்த விசிறி வந்தது. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் விசிறி தனியாக ஓடிக்கொண்டிருக்குமே, அந்தப் பழக்கத்தின் பூர்வீகம் இதுதான்.

அடுத்து, முன்சக்கரங்கள் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதற்குச் சக்கரத்தைச் சுற்றும் தண்டில் வளையக்கூடிய ஓர் இணைப்பு, அதாவது ஜாயின்ட், வேண்டும். பழைய சிலுவை வடிவ ஜாயின்ட்டை வளைத்துச் சுற்றினால், ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். அந்த உதறல் ஸ்டியரிங்கில் தெரியும். 1920களில் ஆல்ஃபிரட் ரெஸப்பா உருவாக்கிய ஜாயின்ட் இதற்குத் தீர்வானது. உள் உருண்டைக்கும் வெளிக் கிண்ணத்துக்கும் நடுவே, வளைந்த பள்ளங்களில் ஆறு எஃகு குண்டுகள். கோணம் எவ்வளவு மாறினாலும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில்தான் குண்டுகள் நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகம். மேலே போட்ட ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறினால் மட்டும், வளைவில் திரும்பும்போது 'டக் டக்' என்று குரல் கொடுக்கும்.

எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த பாகம் பின்னால், தரைக்கு அடியில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு தாள் போதும். தாளைக் குழாயாகச் சுருட்டி, விளிம்பை நீளம் முழுக்க ஒட்டுங்கள். இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. இப்போது ஒட்டிய இடத்தைக் கத்தியால் பிளந்துவிட்டு முறுக்குங்கள். சுலபமாக முறுகும், ஆனால் வளைத்தால் இன்னமும் எதிர்க்கும்.

கோல்ஃபின் பின்சக்கரங்கள் ஆளுக்கொரு இரும்புக் கையின் நுனியில் இருக்கின்றன. இரண்டு கைகளையும் இணைப்பது இப்படி ஒரு பக்கம் திறந்த ஒற்றை உத்தரம். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து வேகத்தடையில் ஏறினால் உத்தரத்துக்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் உத்தரம் முறுகி வழிவிடும். வளைவில் வண்டி சாய்ந்தால், அதே முறுக்கு எதிர்ப்பு சாய்வைக் கட்டுப்படுத்தும். வழக்கமாக நாலைந்து பாகங்கள் செய்யும் வேலையை ஒரே உத்தரம் செய்கிறது. பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் அங்கே இல்லை, அவற்றைச் சுற்றும் அச்சும் இல்லை. டிக்கியின் தரையைத் தாழ்த்திவிடலாம். நான் இனாம் என்று சொன்ன பின்கதவு இங்கேதான் அர்த்தம் பெறுகிறது: சீட்டை மடக்கினால் கதவிலிருந்து முன்சீட்டு வரை இடம் தடையின்றிக் கிடைக்கிறது.

கதவின் சாய்வு கண்ணுக்கு அழகான கோணத்தில் மட்டும் இருந்தால் போதாது. பின்பக்கம் கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்திருந்தால், இரு ஓரங்களிலும் காற்று பலமான சுழல்களாக உருண்டு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். அதைவிடச் செங்குத்தாக்கினால் காற்று கூரை முனையிலேயே பிரிந்துவிடும், இழுவையும் குறையும். கோல்ஃபின் பின்பக்கம் அந்த 30 டிகிரியைவிடச் செங்குத்தாக இருப்பது இந்தக் கணக்குக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் பிரிந்த காற்று புழுதியைச் சுருட்டிக் கண்ணாடியில் அப்பிவிடும். அதனால்தான் ஹேட்ச்பேக்குகளுக்குப் பின்னாலும் வைப்பர் தேவைப்படுகிறது.

1976-இல் இதே உடம்பில் 110 குதிரைத் திறனுள்ள 1.6 லிட்டர் எஞ்சின் ஏறியது. எடை 810 கிலோதான். 5,000 வண்டி விற்றால் போதும் என்று தொடங்கிய, ஜிடிஐ என்ற அந்த வேக ரகம், முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்தைத் தாண்டியது. அது வேகமாக வளைவில் திரும்பும் படங்களைப் பார்த்திருப்பீர்கள்: உள்பக்கப் பின்சக்கரம், கம்பத்தைக் கண்ட நாயின் காலைப் போல, தரையைவிட்டு எழுந்து நிற்கும். பழுது என்று நினைத்துவிட வேண்டாம். பின்பக்கம் சாய்வை விறைப்பாக எதிர்ப்பதால் எடை மாற்றத்தின் பெரும்பங்கைப் பின்சக்கரங்களே ஏற்கின்றன. முன்சக்கரங்கள் இரண்டும் சாலையைப் பிடித்திருக்கின்றன. வண்டியை இழுப்பது அவைதானே. பின்னால் ஒன்று அந்தரத்தில் தொங்கினால் தொங்கட்டும்.